பூச்சியத்தைத் தின்ற எக்செல்

போன வெள்ளத்துக்குப் பிறகு, நிவாரணப் பட்டியல் ஒன்றை எக்செல்லில் ஏற்றித் தரச்சொல்லி எங்களிடம் கேட்டார்கள். கொப்பியில் எழுதியிருந்த இருநூற்றுச் சொச்சக் குடும்பங்கள். நாலு பேர், ரெண்டு லெப்டொப், ஒரு இரவு. "டைப் பண்ணுறதுதானே, என்ன பெரிய வேலை" எண்டுதான் நாங்களும் நினைத்தோம்.

விடியப் பார்த்தால், 077 என்று தொடங்கிய தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் 77 என்று நின்றன. 12/4 என்ற வீட்டு இலக்கம் ஏப்ரல் 12 ஆகியிருந்தது. பன்னிரண்டு இலக்கப் புதிய அடையாள அட்டை எண்கள் 1.995E+11 மாதிரித் தெரிந்தன. பழைய அட்டைக்காரர் மட்டும் தப்பியிருந்தார்கள். அவர்களுடைய இலக்கத்தின் கடைசியில் 'வி' என்ற எழுத்து இருக்கிறதே, அதனால்.

சாதாரண தரத்தில் ஐசிடி படித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். விரிதாளின் கலத்துக்குள் எழுத்து போடலாம், எண் போடலாம், திகதி போடலாம், சூத்திரம் போடலாம். நாங்கள் எது என்று சொல்லாவிட்டால் எக்செல் தானே ஊகித்துக்கொள்ளும். எண் என்று நினைத்தால் வலப்பக்கம் ஒதுக்கும், எழுத்து என்று நினைத்தால் இடப்பக்கம். எண்ணுக்கு முன்னாலுள்ள பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லையென்று தூக்கி எறிந்துவிடும். பிறகு அந்த நிரலை எழுத்தாக மாற்றினாலும் போன பூச்சியம் திரும்பி வராது.

திகதி இன்னும் மோசம். ஒரு லெப்டொப் அமெரிக்க முறையில் இருந்தது. 03/04/2001 என்று அடித்தால் அது மார்ச் 4 என்று எடுத்தது. 25/04/2001ஐத் திகதியாகவே எடுக்கவில்லை, எழுத்தாக விட்டுவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குப் பால்மா கொடுக்க வயது கணக்கிட்டபோதுதான் இது பிடிபட்டது.

இது எங்களுக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்டெம்பர் மாதங்களின் பெயர் மாதிரி இருந்ததால், எக்செல் அவற்றைத் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல் விஞ்ஞானிகள் மரபணுக்களின் பெயரைத்தான் மாற்றினார்கள்.

ஆனால் எங்கள் ஊர் ஆட்களின் பெயரையும் நம்பரையும் எக்செல்லுக்காக மாற்ற ஏலாது. ஆகவே தட்டத் தொடங்க முதல் ஒரு கேள்வி கேட்கவேணும்: இதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்போமா? ரெண்டு பேரின்ர போன் நம்பரைக் கூட்டினால் என்ன வரும்? ஒண்டும் வராது. அப்படியானால் அது எண் அல்ல, இலக்கத்தில் எழுதிய பெயர். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, வீட்டு இலக்கம் எல்லாம் அப்படித்தான். அந்த நிரல்களை முதலிலேயே எழுத்து என்று குறித்துவிட்டால் பாதித் தலையிடி தீர்ந்தது.

மீதிப் பாதி எக்செல்லின் பிழை இல்லை. 'பிள்ளைகள் எத்தனை' என்ற நிரலில் சில கலங்கள் வெறுமையாக இருந்தன. அழகாக இருக்கட்டும் என்று எங்களில் ஒருவர் எல்லாவற்றிலும் 0 போட்டுவிட்டார். பிள்ளை இல்லை என்பது ஒன்று, கேட்கவே இல்லை என்பது இன்னொன்று. எக்செல்கூட சராசரி எடுக்கும்போது வெறுமையை விட்டுவிட்டு 0ஐக் கணக்கில் சேர்க்கிறது. மெஷினுக்குத் தெரிந்த வித்தியாசத்தை நாங்கள் அழித்துவிட்டோம்.

அதைவிடப் பெரியது, திருமண நிலை. உதவி தந்தவர்கள் அனுப்பிய படிவத்தில் மூன்று தெரிவுகள்தான்: திருமணமானவர், ஆகாதவர், விதவை. கொப்பியில் ஒரு அம்மாவின் பெயருக்கு நேரே, 'கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று எழுதியிருந்தது. அதை அப்படியே அடித்தோம், கலம் ஏற்கவில்லை. நேரம் இரவு ரெண்டு மணி. 'விதவை' என்பதைத் தெரிவுசெய்தால் அடுத்த நிரைக்குப் போகலாம்.

நாங்கள் போகவில்லை. இத்தனை வருசமாகக் கணவரைத் தேடுகிற ஒருவரை, அவரிடம் கேட்காமலே, நித்திரை தூக்கத்தில் விதவையாக்க எங்களுக்கு என்ன உரிமை? 2016இல் கொண்டுவந்த சட்டத் திருத்தமே, இப்படியான குடும்பங்கள் மரணச் சான்றிதழ் எடுக்காமல், ஆள் இல்லாத நிலையைப் பதியும் வேறொரு சான்றிதழைப் பெற வழிசெய்தது. சட்டத்தில் இருக்கிற இடம் அந்தப் படிவத்தில் இல்லை. நாலாவது தெரிவு ஒன்றைச் சேர்த்து, ஏன் சேர்த்தோம் என்று எழுதி அனுப்பினோம்.

"உதவி போய்ச் சேர்ந்தால் காணும், இதெல்லாம் தேவையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போன் நம்பர் பிழைத்தால் உதவியே போய்ச் சேராது. மற்றது, இந்தப் பட்டியல்கள் ஒருநாளில் முடிவதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுத்து எடுத்து, அடுத்த வருசம் அதுவே உண்மையாகிவிடும். யாரும் திரும்பக் கொப்பியைப் பார்க்கப்போவதில்லை.

டேட்டா என்ட்றி என்றால் கடைசியில் பொடியங்களிடம் தள்ளிவிடுகிற வேலை என்ற எண்ணம் எங்கள் அமைப்புகளில் இருக்கிறது. அதை மாற்றவேணும். படிவம் அச்சடிக்க முதலே, தட்டப்போகிறவரையும் ஊரில் நாலு பேரையும் கூப்பிட்டு இருத்தி, எந்த நிரலில் என்ன வரும், எதற்கு இடம் இல்லை என்று கதைக்கவேணும். அரை மணித்தியாலம் போதும். கொப்பியையும் எறியாமல் வைத்திருங்கள்.

அந்த அம்மாவுக்கு நாங்கள் போன் எடுத்தோம். கொப்பியைப் பார்த்து, முன்னுக்குப் பூச்சியம் போட்டு.