பொதுக்காசில் வெட்டிய கிணறு

நம்மைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரையை நாம் படிக்க வேண்டுமென்றால் முப்பது டாலர் வை, நாற்பது டாலர் வை என்கிறார்கள். சேரிக்கு ஆய்வு செய்ய ஒருவர் வருகிறார். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். அம்மாவிடம் ரெண்டு மணி நேரம் பேச்சுக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டு போகிறார். ரெண்டு வருஷம் கழித்து அது ஓர் ஆய்விதழில் கட்டுரையாகிறது. அம்மாவின் பேச்சு அதில் மேற்கோளாகக் கிடக்கிறது. அம்மாவின் மகன், அந்த வீட்டின் முதல் பட்டதாரி, தேடிப் பார்த்தால் தலைப்பும் பத்து வரிச் சுருக்கமும் தெரிகின்றன. அதற்குக் கீழே பூட்டு.

'பஞ்சமி நிலம் கெடக்குது, வன்கொடுமை வழக்குகள் கெடக்குது, இதெல்லாம் படிச்சவங்க பிரச்சினை' என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். ஆனால் மலக்குழியின் விஷவாயு மனித உடம்பை என்ன செய்கிறது என்ற மருத்துவ ஆய்வு, தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரில் எவ்வளவு குரோமியத்தைச் சேர்க்கிறது என்ற ஆய்வு, இவையெல்லாம் எங்கே இருக்கின்றன? பல அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான். வழக்கு நடத்துகிற வக்கீலுக்கும் மனு எழுதுகிற இளைஞனுக்கும் அவை வேண்டும். அறிவை ஒளித்து வைப்பது எப்படிப்பட்ட அதிகாரம் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இந்த வியாபாரத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஆய்வாளருக்குச் சம்பளமோ உதவித்தொகையோ பெரும்பாலும் பொதுமக்கள் காசு. கட்டுரை எழுதியவருக்கு ஆய்விதழ் ஒரு பைசா தருவதில்லை. கட்டுரை தேறுமா தேறாதா என்று படித்துச் சொல்லும் பேராசிரியர்களும் அநேகமாகச் சும்மாதான் படித்துச் சொல்கிறார்கள். இப்படி இனாமாக வந்த சரக்கை அழகு பண்ணி, பூட்டுப் போட்டு, அதே பல்கலைக்கழக நூலகத்துக்கே வருஷச் சந்தாவுக்கு விற்கிறான் பதிப்பாளன். எல்சேவியரை வைத்திருக்கும் ரெல்க்ஸ் குழுமத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், ஆய்விதழ்கள் அடங்கிய பிரிவில் நூறு ரூபாய் வரவுக்கு முப்பத்தைந்து ரூபாய்க்கு மேல் லாபம் நிற்கிறது. பேரேட்டோடு பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கந்துவட்டிக்காரன்கூட முதல் போட்டுத்தான் வட்டி கேட்கிறான்.

2002இல் புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. ஆய்வுக்கட்டுரைகளை எவரும் காசில்லாமல் படிக்கும்படி திறந்துவிட வேண்டும் என்றது. இதைத்தான் திறந்த அணுக்கம் என்கிறோம். நல்ல காரியம். ஆனால் பெரிய கம்பெனிகள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தன: படிக்கிறவனிடம் வாங்காதே, எழுதுகிறவனிடம் வாங்கு. 'நேச்சர்' இதழ் 2021 முதல் ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ என்று விலை வைத்தது. அன்றைய மதிப்பில் எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். பட்டியல் சாதி ஆய்வு மாணவருக்கான தேசிய உதவித்தொகை 2023இல் உயர்த்தப்பட்ட பிறகு மாதம் 37,000 ரூபாய், அதுவும் மாதாமாதம் வந்தால். ஏறத்தாழ ரெண்டு வருஷம் சாப்பிடாமல் இருந்தால் ஒரு கட்டுரை! வாசகனுக்குப் போட்டிருந்த பூட்டை எடுத்து எழுத்தாளன் வாயில் மாட்டிவிட்டார்கள். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய வார இதழின் பெயரிலேயே விலை இருந்தது: ஒரு பைசாத் தமிழன். அந்த ஒரு பைசாவும் படிக்கிறவன் கொடுத்தது, எழுதுகிறவன் கொடுத்ததல்ல.

ரெண்டு பேரிடமும் வாங்க வேண்டாம், நூலகங்கள் கூடிப் பங்கு போட்டுச் செலவை ஏற்கட்டும் என்று மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. இது கனவல்ல, பல வருஷமாக நடக்கிறது. லண்டனில் தொழிலாளிகள் மாலை நேரத்தில் படிப்பதற்காகத் தோன்றிய பர்க்பெக் கல்லூரியில் 'மனிதவியலுக்கான திறந்த நூலகம்' என்ற அமைப்பு இயங்குகிறது. மார்ட்டின் ஈவ், கரோலின் எட்வர்ட்ஸ் என்ற இரண்டு இலக்கிய ஆசிரியர்கள் 2013இல் போட்ட திட்டம். 2015இல் ஏழு இதழ்களோடு தொடங்கியது. நூலகங்கள் தங்கள் அளவுக்குத் தக்கபடி வருஷத்துக்கு ஒரு தொகை கட்டுகின்றன. எழுதுகிறவருக்கும் செலவில்லை, படிக்கிறவருக்கும் செலவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள் சேர்ந்தன. அதே 2015இல் எல்சேவியரின் 'லிங்குவா' என்ற மொழியியல் இதழின் ஆசிரியர் குழு மொத்தமாக ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்து 'குளோசா' என்ற திறந்த இதழைத் தொடங்கியது. அவர்கள் வந்து சேர்வதற்கு இப்படி ஓர் இடம் இருந்தது. இடம் இல்லாமல் வெளிநடப்பு மட்டும் செய்தால் என்ன ஆகும் என்பது இயக்கத்தில் இருக்கிற நமக்குத் தெரியும்.

துகள் இயற்பியல்காரர்கள் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் முன்னின்று நடத்தும் ஸ்கோப்-3 என்ற கூட்டமைப்பு 2014 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் சுமார் 3,000 நூலகங்கள், சந்தாவாகக் கட்டிவந்த பணத்தையே கூட்டு நிதிக்குத் திருப்பிவிட்டன. எந்த நாட்டுக்காரர்கள் எத்தனை கட்டுரை எழுதுகிறார்களோ அந்த விகிதத்தில் அந்த நாட்டுக்குப் பங்கு. கட்ட முடியாத நாடுகளுக்காகவும் கணக்கில் இடம் விட்டிருக்கிறார்கள்.

'ஆனுவல் ரிவ்யூஸ்' என்ற லாபநோக்கற்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் முறை வேறு. பழைய சந்தாக்காரர்கள் போதுமான எண்ணிக்கையில் புதுப்பித்தால் அந்த வருஷத்துத் தொகுதி உலகத்துக்கே திறக்கும். பலர் நழுவினால் பூட்டு விழும், கட்டியவர்கள் மட்டும் படிப்பார்கள். 2020இல் ஐந்து இதழ்களில் சோதித்தார்கள், 2023இல் 51 இதழ்களும் திறந்தன.

'அப்போ கட்டாதவன் ஓசியில படிப்பானே?' இதுதான் நிர்வாகிகள் உடனே கேட்கும் கேள்வி. படிக்கட்டுமே! இந்த இதழின் ஒரு பிரதி பத்துக் கை மாறுகிறது. விடுதியில் கிழிந்து போகும்வரை சுற்றுகிறது. சந்தா கட்டியவர் எவரும் இதுவரை 'மற்றவன் ஏன் சும்மா படிக்கிறான்' என்று கடிதம் போட்டதில்லை. கட்டாதவனைத் தடுப்பதற்காகச் சுவர் எழுப்பினால், அந்தச் சுவருக்கும் காவல்காரனுக்கும் சேர்த்துத்தான் கட்டியவன் காசு கொடுக்கிறான்.

பொதுக்காசில் ஆனது பொதுவுக்கு என்ற வாதம் வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் கண்டுபிடித்ததல்ல. 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானம் என்ன சொன்னது? பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் குளம், கிணறு, சத்திரம் எல்லாவற்றையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம். அடுத்த வருஷம் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுத்தெரு, பொதுக்கிணறு உரிமைக்கான தீர்மானத்தை நிறைவேற்றினார். மகத் நகரசபை தன் குளத்தைத் திறந்துவிட்டதாகக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடிக்கும்வரை அது காகிதமாகவே இருந்தது. குடித்தவர்களை அடித்தார்கள், குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். பொதுக்காசு என்பது ஒரு நியாயம்தான். நியாயம் தானாகக் கதவைத் திறப்பதில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள், ஏறக்குறைய 1.8 கோடிப் பேர். தருமபுரிப் பக்கத்து அரசுக் கல்லூரி மாணவி நேற்றுவரை பார்க்க முடியாத இதழை இன்று பார்க்கிறாள் என்றால் அதை நாம் எதிர்க்கவில்லை, சந்தோஷம்தான். ஆனால் வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு 2,000 கோடி, தலைக்கு 1,100 ரூபாய்க்கு மேல். இவ்வளவு பணமும் சேர்ந்து வாங்கியது நுழைவுச் சீட்டை. பூட்டு அப்படியே இருக்கிறது. அந்த மாணவி படிப்பை முடித்துக் கல்லூரியை விட்டு வெளியே வந்த மறுநாள் மறுபடியும் வெளியாள். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ந்த நம் பையன்கள் முதலிலிருந்தே வெளியாட்கள். சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து மனு எழுதுகிறவன் எந்தப் பட்டியலிலும் இல்லை. உலகின் மிகப்பெரிய கூட்டுச் சந்தாக்களில் ஒன்று நம் கையில் இருந்தது. அதை வைத்துக் கிணற்றைத் திறக்கச் சொல்லியிருக்கலாம், குடத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

கூட்டு நிதி என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. 'நாலெட்ஜ் அன்லாட்ச்டு' கதையைக் கேளுங்கள். ஃபிரான்சிஸ் பிண்டர் என்ற பதிப்பாளர் தொடங்கியது. முதல் சுற்றில், 2014இல், 24 நாடுகளின் 297 நூலகங்கள் சேர்ந்து 28 நூல்களைத் திறந்துவிட்டன. ஒரு நூலுக்கு ஒரு நூலகத்தின் பங்கு 43 டாலருக்கும் குறைவு. ஒரு புத்தகம் வாங்குகிற காசில் அதை உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்! பிறகு அது ஜெர்மனியில் ஒரு கம்பெனியானது. 2021 டிசம்பரில் வைலி என்ற பெரும் பதிப்பகம் அதை விலைக்கு வாங்கிவிட்டது. நம் 30 பதிப்பகங்களில் வைலியும் ஒன்று. நூலகங்கள் பணம் போட்டன, சாவியைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

நம் பல ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். சேரியில் மட்டும் வாங்க மாட்டார்கள். இரக்கமா? இல்லை. வரி வாங்கினால் பங்கு கொடுக்கணும், பங்கு கொடுத்தால் வடம் தொட விடணும். கூட்டு நிதியில் நம் நூலகங்கள் சேராமல் இருந்தால் நாம் இலவச வாசகராக மட்டும் இருப்போம். எந்த இதழைச் சேர்ப்பது, எந்த மொழியில் எழுதலாம், எது 'தரம்' என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள். லண்டன் அமைப்பில் பணம் கட்டும் நூலகங்களுக்குப் புதிய இதழ்களைச் சேர்ப்பதில் வாக்கு உண்டு. ஆகவே சிறு தொகையானாலும் கட்ட வேண்டும், கட்டி உட்கார வேண்டும். பிரேசிலில் சாவோ பாவ்லோ மாநில ஆய்வு நிதியத்தின் துணையோடு 1998இல் வந்த 'சயலோ' தளம் போர்த்துகீசிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் ஆய்வுகளைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழில் அப்படியொன்றை நம் அரசுப் பல்கலைக்கழகங்கள் கூடி நடத்த முடியாதா? 1948லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டு வரி ரசீதைத் திருப்பிப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சேரி வீட்டு ரசீதிலும் இருக்கும். இந்த வரியை மட்டும் நம்மிடம் வாங்க எவனும் கூச்சப்பட்டதில்லை.

2027க்குப் பிறகான ஒப்பந்தப் பேச்சு எப்படியும் நடக்கும். அதற்குள் மாணவர் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆய்விதழ்ச் சந்தாவுக்கு எவ்வளவு கொடுத்தது, கட்டுரை வெளியிடும் கட்டணமாக எவ்வளவு கொடுத்தது, திறந்த பதிப்புக்கான கூட்டு நிதி எதற்காவது ஒரு ரூபாயாவது கொடுத்ததா, நூலகக் குழுவில் இருப்பவர்கள் யார் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதிலின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள், ஒரு வரி விடாமல் அச்சிடுகிறோம்.