பல்லின் மேல் பழி

"பல்லு முளைக்குதுல்ல, அதான் வயித்தால போகுது." கைக்குழந்தைக்குப் பேதி கண்டதும் தமிழ்நாட்டு வீடுகளில் பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சொல்லும் ஆறுதல் இது. ஆபத்தான ஆறுதல். பல் முளைக்கும்போது எச்சில் ஒழுகும், குழந்தை சிணுங்கும், கிடைத்ததையெல்லாம் கடிக்கும். நாளுக்குப் பத்து முறை தண்ணீராகப் போகாது.

பால்பல் எட்டிப்பார்க்கும் ஆறாவது மாதத்தை ஒட்டித்தான் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குறைகிறது, குழந்தை தவழ்கிறது, தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குப் போகிறது. பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு வசதியான பருவமும் அதுவே. 1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் பேதியால் வாடிய குழந்தைகளின் குடல் திசுவில் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் பழி என்னவோ பல்லின் மேல்தான்.

"எங்க வீட்டுல காய்ச்சின தண்ணிதான்" என்பவர்களும் உண்டு. சுத்தம் நல்லது, ஆனால் இந்த வைரஸுக்கு அது போதாது. நல்ல குடிநீர் கிடைக்கும் அமெரிக்காவிலேயே, தடுப்பு மருந்து வருமுன் ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் அது தொற்றியது; ஆண்டுக்கு 55,000 பேருக்குக் குறையாமல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இந்தியாவில் அது ஆண்டுதோறும் ஏறத்தாழ 78,000 குழந்தைகளின் உயிரைக் குடித்ததாக மதிப்பிடப்பட்டது.

டெல்லி எய்ம்ஸில் பிறந்த பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த ஒரு வைரஸ் வகையிலிருந்துதான் மருத்துவர் எம்.கே. பான் முயற்சியில் 'ரோட்டாவேக்' என்ற தடுப்புச் சொட்டு மருந்து உருவானது. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதித்ததில், முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதி பாதிக்கு மேல் குறைந்தது. பாதிதானா என்று உதட்டைப் பிதுக்குபவர்கள், குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிச் செவிலியர்கள் தவிக்கும் குழந்தைகள் வார்டைப் பார்க்கட்டும்.

இந்த மருந்தால் குடல் செருகல், அதாவது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது, வருமோ என்ற அச்சத்துக்கு வரலாறு உண்டு. அமெரிக்காவில் வேறொரு ரோட்டா மருந்து அந்தக் காரணத்தால் 1999-இல் திரும்பப் பெறப்பட்டது. ரோட்டாவேக்கை ஆராய்ந்து 2020-இல் வெளியான இந்திய ஆய்வில் அப்படிக் கூடுதல் அபாயம் தென்படவில்லை.

தமிழ்நாட்டில் 2017 முதல் இந்தச் சொட்டு மருந்து அரசு மையங்களில் இலவசம். 6, 10, 14-ஆம் வாரங்களில், அதாவது பல் முளைக்கும் முன்பே, கொடுக்கிறார்கள். போலியோ சொட்டு போட்டாயிற்று என்று இதை விட்டுவிடாதீர்கள். இது வேறு, அது வேறு. தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். முதல் தவணை விடுபட்டிருந்தால், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை கேட்டு வாங்கலாம். பேதி தொடங்கிவிட்டால், பல்லுக்காகக் காத்திராமல் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்தபடியே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.