வழி சொல்லும் பட்டியல்

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் தபால் பையை மறந்திருக்க மாட்டார்கள். லயத்து அறைகளுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதங்கள் யாவும் தோட்டக் கந்தோருக்கே வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறியே உரியவரை அடைந்தன. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் நாள் கடந்து கைக்கு வர, ஒரு பிள்ளையின் வேலை தவறிப்போவது மலையகத்தில் புதிய கதையன்று. அனுப்பியவர் அனுப்பினார், பெறுபவரும் காத்திருந்தார், இடையில் வழிதான் கெட்டது. இன்று நம் வீட்டுச் சுவரில் விளக்கு மினுங்க நிற்கும் வைஃபை பெட்டிக்கும் இதே குறை நேர்வதுண்டு.

சென்ற வாரம் பதுளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் உறவினர் இல்லம் சென்றிருந்தோம். அவ்வீட்டு மகள் உயர்தரம் படிக்கிறாள். பின்னறைக்கு அலை எட்டவில்லை என்று, தந்தையார் இரண்டாவது பெட்டி ஒன்றை வாங்கி முதற் பெட்டியோடு கம்பியால் இணைத்திருந்தார். கைத்தொலைபேசியில் அலைக்கோடுகள் நிறைந்து நின்றன, பாடமோ வரவில்லை. மூன்று நாட்களாகப் பழி மகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. "நான் எதையும் தொடவே இல்லை, அப்பா" என்று அவள் சொன்னதை நம்புவாரில்லை.

ஒவ்வொரு பெட்டியினுள்ளும் வழிப்பட்டியல் ஒன்று உண்டு. பெட்டியின் முகவரியை உலாவியில் இட்டுக் கடவுச்சொல்லைக் கொடுத்தால், பெட்டியின் நிலையைக் காட்டும் பக்கங்களில் 'ரவுட்டிங் டேபிள்' என்ற பெயரில் அது பெரும்பாலும் கிடைக்கும். பார்ப்பதால் எதுவும் கெட்டுவிடாது. இந்த முகவரிக் கூட்டத்துக்கு உரியவை இந்த வாசலால், இந்த அடுத்த கைக்கு என்பதே ஒவ்வொரு வரியின் பொருள். தபால் கந்தோரில் கடிதம் பிரிப்பவர் செய்வதும் அதுதான். பசறையில் எந்த லயம் எங்கே என்று கொழும்பில் இருப்பவர் அறிய வேண்டியதில்லை. அதைப் பதுளைப் பையில் போடத் தெரிந்தால் போதும். பட்டியலில் 0.0.0.0 என்று தொடங்கும் வரி, தனி வழி குறிக்கப்படாத யாவற்றுக்கும் உரிய பொது வழி. வெளியுலகம் முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கும்.

மகளையே அருகிருத்தி இரண்டாவது பெட்டியின் பட்டியலைப் படிக்கச் சொன்னோம். 192.168.1.0 என்ற கூட்டம் வீட்டு வாசலிலும் வெளிவாசலிலும் ஆக இருமுறை இருந்தது. பொது வழிக்குரிய அடுத்த கை 192.168.1.1. அந்த இரண்டாவது பெட்டியின் சொந்த முகவரியும் அதுவே! இரு பெட்டிகளும் கடையிலிருந்து ஒரே முகவரியோடு வந்தவை. வெளியே போக வேண்டிய கடிதத்தின் மேல் தன் வீட்டு விலாசத்தையே எழுதியது போலாயிற்று. தெமோதரையில் ரயில் பாதை தன்னையே சுற்றினாலும், நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தால் வெளிப்பட்டுப் பதுளையை அடைகிறது. இந்தச் சுற்றுக்கு அப்படியொரு சுரங்கமும் இல்லை.

பழைய எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு, இரண்டாவது பெட்டியின் உள்முகவரியை மகள் 192.168.2.1 என்று மாற்றினாள். பெட்டி அணைந்து எரிந்தது, இரு கூட்டங்களும் தனித்தனியே பிரிந்தன, பாடமும் வந்தது. அவ்வாறு மாற்றாமல், அதை வழி வகுக்கும் வேலையிலிருந்து நீக்கி, அலை பரப்பும் 'அக்சஸ் பொயின்ட்' ஆக மட்டும் வைத்திருப்பதும் தக்க முறையே. அப்போது வழிக்கு முதற் பெட்டியின் பட்டியலையே பார்த்தல் வேண்டும்.

2021ஆம் ஆண்டில், பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் மலையுச்சியில் மரத்தின் மேல் அமைந்த குடிலில் ஏறிப் பாடம் கேட்டனர். அலையே இல்லாத அக்குறையை எந்தப் பட்டியலும் தீர்க்காது. அது நாடு தீர்க்க வேண்டியது. ஆனால் அலை வந்தும் வழி இல்லாத குறையை வீட்டாரே கண்டுகொள்ளலாம்.

தந்தையார் மகளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "அந்தத் தாளைப் பத்திரமாக வை, அம்மா, அடுத்த வீட்டிலும் இதே தொல்லையாம்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே அதை மடித்துப் புத்தகத்துள் வைத்தாள்.