காப்பு யாருக்கு?

'தேசியப் பாதுகாப்பு' என்னும் தொடரைப் போல் உசாவலின்றி ஏற்கப்படும் தொடர் இற்றை அரசியலில் வேறொன்றில்லை. அதனைச் சொன்ன அளவிலே நாடாளுமன்றம் வாயடங்குகின்றது, செய்தித்தாள் தலைவணங்குகின்றது, வினவ எழுந்தவன் இரண்டகன் எனப்படுகின்றான். ஆயின், தமிழிலக்கணம் கற்றார்க்கு ஒரு வழக்கம் உண்டு. வினையைக் கண்டவிடத்து எழுவாயையும் செயப்படுபொருளையும் தேடுவதே அவ்வழக்கம். காத்தல் என்பது வினை. காப்பவர் யார்? காக்கப்படுவது எது? எதனின்று காக்கப்படுகின்றது? அக்காப்புக்குக் கொடுக்கும் விலை யாருடைய உடைமை? இந்நான்கு வினாக்களுக்கும் விடை சொல்லாத பாதுகாப்பு, ஆள்வோர்க்குக் கவசமாகலாம், மக்களுக்கு அரணாகாது.

இத்துறையின் பெயர்களே நம்மை மருட்டுகின்றன. 'இராசதந்திரம்' என்பர், 'வியூகம்' என்பர். முதற்சொல் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கின்றது. அஃது அரசனின் தந்திரம். குடிமகனுக்கு அதன்கண் இடமில்லை. வள்ளுவரோ 'சூழ்ச்சி' என்னும் சொல்லை ஆராய்ந்து எண்ணுதல் என்னும் நற்பொருளில் ஆண்டார். வலியறிதற்கும் காலமறிதற்கும் இடனறிதற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். நாட்டை 74ஆம் அதிகாரத்தில் வைத்து, அரணை அதன்பின் 75ஆம் அதிகாரத்தில் வைத்தார். நாடு இன்னதெனக் கூறுமிடத்தும், பசியையும் நோயையும் பகையையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பசியையே முதற்கண் வைத்தார்.

மேலை நாட்டார் இவ்விடத்தை அடைய நெடுங்காலம் ஆயிற்று. 1952இல் ஆர்னால்டு வோல்பர்சு என்பார், 'தேசியப் பாதுகாப்பு' என்பது பொருள் தெளிவற்ற மயக்கச்சொல் என எழுதினார். 1983இல் பாரி புசான் எழுதிய நூல், அரசின் காப்பும் குடிமகன் காப்பும் ஒன்றல்ல. அரசே சிலகால் தன் குடிகளுக்கு அச்சமாகும் என விளக்கிற்று. 1994இல் ஒன்றிய நாடுகள் அவையின் வளர்ச்சித் திட்ட அறிக்கை, உணவு, உடல்நலம், பிழைப்பு முதலான ஏழு கூறுகளை உள்ளடக்கி 'மாந்தக் காப்பு' என்றொரு கருத்தை வகுத்தது. இவை யாவும் நூலில் உள்ளன. தில்லியின் செயலில் உளவோ? கச்சத்தீவை அளவுகோலாக வைத்துப் பார்ப்போம்.

ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புடைய அத்தீவு இராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சிப் பரப்பில் இருந்தது. நம் மீனவர் வலை உலர்த்தி இளைப்பாறிய இடம். அந்தோணியார் திருவிழாவில் இருகரைத் தமிழரும் கூடிய இடம். 1974 சூன் 26, 28 ஆகிய நாள்களில் இந்திரா காந்தியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் கையொப்பமிட்ட உடன்பாட்டால் அஃது இலங்கைக்குரியதாயிற்று. 1971இல் பாகிசுத்தான் வானூர்திகள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. 1974 மே 18இல் பொக்ரானில் இந்தியா அணுவெடிப்பு நிகழ்த்தியது. அந்நிலையில் அண்டை நாட்டின் நட்பைப் பேணல் வேண்டும் என்று தில்லி கணக்கிட்டது என உறவுநூலார் பலர் கூறுவர். கணக்கிட்டவர் தில்லியார், கொடுக்கப்பட்டது தமிழன் கடல்.

மேற்கு வங்கத்துப் பெருபாரியைப் பாகிசுத்தானுக்குக் கொடுக்க எண்ணியபோது, அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் நிலத்தைக் கொடுத்தல் இயலாது என உச்ச வழக்குமன்றம் 1960இல் உரைத்தது. அதன்பின் ஒன்பதாம் சட்டத்திருத்தம் வந்தது. கச்சத்தீவுக்கோ திருத்தமும் இல்லை. வழக்கிலிருந்த எல்லையை வரைந்தோமேயன்றி நிலத்தைக் கொடுக்கவில்லை என்று தில்லி சொல்திறம் காட்டிற்று. 1974இலேயே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தன் எதிர்ப்பைத் தீர்மானமாக்கியது. கேட்டவர் யார்?

மீன்பிடி உரிமை காக்கப்பட்டுள்ளது என அன்றைய வெளியுறவு அமைச்சர் சுவரன்சிங் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். அவ்வுறுதி இரண்டாண்டும் நிற்கவில்லை. 1976 மார்ச்சு 23இல் இருநாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட மடல்கள், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடித்தலாகாது என அறுத்துக் கூறின. அந்நாளை உன்னுக! நாடு நெருக்கடிநிலையில் கிடந்தது. தமிழ்நாட்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு சனவரி 31இலேயே கலைக்கப்பட்டிருந்தது. இழப்பவனுக்காகப் பேச ஒரு சட்டமன்றமும் இல்லாத பொழுதில் அவன் பிழைப்பு எழுதித் தரப்பட்டது. குமரிக்குத் தெற்கேயுள்ள வாட்சுக் கடற்படுகை இந்தியாவிற்கு வந்ததே என்பர். பாக்கு நீரிணையில் வலைவீசும் இராமேசுவரத்தானுக்குக் குமரிக்கடல் ஈடாகுமோ?

போகட்டும். அவ்விலைக்கு வாங்கிய நட்பேனும் நிலைத்ததா? திருகோணமலை முதலிய துறைமுகங்களை இந்தியாவிற்குக் கேடாகும் வகையில் பிறநாட்டுப் படைப் பயனுக்குத் தரலாகாது என 1987 சூலை 29இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட மடல்கள் கூறின. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்பில் நின்றது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் சென்றது. 2022 ஆகத்தில் யுவான் வாங் 5 என்னும் சீனக் கப்பல் அங்கு வந்து தங்கிற்று. மீனவன் வாழ்வை விற்று வாங்கிய காப்பு, அரசின் அளவுகோலாலும் காப்பாகவில்லை. தன் கரைமக்களின் நம்பிக்கையை இழந்து அயலான் நட்பைத் தேடுவது, வேலியைப் பிடுங்கி விறகாக்கிவிட்டு வயலுக்குக் காவல் தேடுவது போன்றது.

எல்லை வரைவதற்கு வேறு வழியில்லையோ எனின், உண்டு. அதற்குச் சான்று யான் வாழும் ஆர்.கே.பேட்டை உள்ளிட்ட இத்திருத்தணி வட்டாரமே. இது சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் கிடந்தது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் மூட்டிய வடக்கெல்லைக் கிளர்ச்சியின் பயனாகப் படாசுகர் நடுவராக வந்தார். ஊரை அலகாகக் கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் வாழ்வோர் மொழி யாது, அவ்வூர் எதனோடு அடுத்துள்ளது எனப் பார்த்தார். 1960 ஏப்பிரல் 1இல் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. வேங்கடத்தை இழந்த புண் இன்றும் ஆறவில்லை. அத்தீர்ப்பு நிறைவானதும் அன்று. எனினும், எல்லைக்கோட்டின்கண் மக்கள் வாழ்கின்றனர் என்னும் உண்மையேனும் அங்கே எண்ணப்பட்டது. ஆந்திர எல்லையில் ஊர்தோறும் பார்க்கப்பட்டது, கடலெல்லையில் ஒரு குப்பத்திலும் பார்க்கப்படவில்லை.

நம் இழுவைமடிகள் அக்கரைக் கடலை அழிக்கின்றனவே என்று மறுப்போர் உளர். அம்மறுப்பில் உண்மை உண்டு. அதனை மறைத்தல் நமக்கு அழகன்று. யாழ்ப்பாணத்தும் மன்னாரிலும் சிறுவலை வீசுபவனும் தமிழனே. போரால் கடலை இழந்து, 2009க்குப் பின் அதற்கு மீண்டவன் அவன். அவன் வலையை நம் மடி கிழிக்குமாயின் அது நம் கையால் நம் கண்ணைக் குத்துவதே. ஆனால் 1950களிலிருந்து இழுவைமடியை ஊக்கியது அரசே. அதனின்று விலகி ஆழ்கடலுக்குச் செல்ல வழிசெய்தலும் அரசின் கடனே. 2014 சனவரியில் இருகரை மீனவப் பேராளரும் சென்னையில் நேர்நின்று பேசினர். துமுக்கியின்றிப் பேசத் தெரிந்தவர் அவர்கள்தாம். அவர்களை அமர்த்திப் பேசவிடாமல், சிறைப்பிடிப்பதும் விடுவிப்பதுமாகப் பொழுது போக்குவது என்ன சூழ்ச்சி?

2025 ஏப்பிரல் 2இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கச்சத்தீவை மீட்கக் கோரி மீண்டும் தீர்மானம் இயற்றியது. தீர்மானம் நன்று, அதனினும் வேண்டுவது ஒன்றுண்டு. எல்லையைத் தொடும் எவ்வுடன்பாடும் அவ்வெல்லையில் வாழ்வோரைக் கேளாமலும், அம்மாநிலத்தின் இசைவின்றியும் செல்லாது எனச் சட்டம் ஆதல் வேண்டும். நம் கல்லூரிகளில் பன்னாட்டு உறவு பயிலும் இளையோர் அத்துறையைத் தமிழில் எழுதுதல் வேண்டும். அயற்சொல்லில் மறைந்து கிடக்கும் சூது, தமிழில் சொன்ன அளவிலே வெளிப்படும்.

தமிழ் நெஞ்சினீர்! இனி எவரேனும் 'பாதுகாப்பு' என்று முழங்கினால் கைதட்டுமுன் எழுந்து நின்று கேளுங்கள்: காப்பு யாருக்கு? விலை யாருடையது?