மாற்றச் சொல்லும் முன் கழற்றிப் பாருங்கள்
(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி)

மலருக்குக் கட்டுரை கேட்டபோது பலரும் விண்வெளி, ரோபோ என்று எழுதப் போவதாகச் சொன்னார்கள். நான் எழுதப் போவது ஓர் உப்புத் தொட்டியைப் பற்றி. சிரிக்காதீர்கள்!

கோவையில் பிறந்தவர்களுக்கு நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்ற பேதம் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். சிறுவாணித் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரை லேசில் போகாது. போர் தண்ணீரில் போட்டால் நுரை லேசில் வராது. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் செய்யும் வேலை அது. வசதியுள்ள வீடுகளில் இதற்காக சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். எங்கப்பா வாட்ச்மேனாக இருக்கும் வீட்டிலும் ஒன்று உண்டு, 11 வருஷத்துப் பழசு. அதற்கு உப்புப் போடுவது, வால்வைத் திருப்புவது எல்லாம் அப்பா வேலை. (எங்கள் வீட்டில் வெறும் உப்புத் தண்ணிதான். என் தலைமுடியைப் பார்த்தாலே தெரியும்!)

போன வருஷம் அந்த வீட்டில் கீசர் போயிற்று. பாத்ரூம் குழாயெல்லாம் வெள்ளை பூத்தது. பார்க்க வந்த கம்பெனி ஆள் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. "பழசாயிடுச்சு சார், இனி இதுல காசு போடறது வேஸ்ட்" என்று சொல்லி, புதுசுக்கு ரூ.45,000 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அது அப்பாவின் நாலு மாதச் சம்பளம். ஆனால் எனக்குச் சுட்டது அந்தத் தொகை அல்ல. வீட்டுக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, "முன்னெல்லாம் மாசம் ஒரு மூட்டை உப்பு ஆகும். இப்ப மூணு மாசமா அதே மூட்டை கிடக்குது. நீ போடறியா இல்லியா?" என்று கேட்டார்.

"தொட்டி ரொம்பியே நிக்குதுங்க சார், அதுக்கு மேல எங்கீங்க போடறது?" என்றார் அப்பா. அது அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் முதல் உப்புக்கு ஒரு நோட்டுப் போட்டு, அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

பள்ளிக்கூடம் போகாத அப்பா சொன்ன அந்த ஒரு வரியில்தான் பழுதே இருந்தது! எப்படி என்று சொல்கிறேன். சாஃப்ட்னருக்குள் ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள் இருக்கின்றன. அவை தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து நிறைந்துவிட்டால், உப்புக் கரைசலை உள்ளே விட்டுக் கழுவ வேண்டும். மணிகள் மறுபடி தயார். அந்தக் கரைசலைத் தொட்டியிலிருந்து உறிஞ்சி இழுப்பது இன்ஜெக்டர் என்ற சிறு மூக்கு. அது இழுக்காவிட்டால் உப்புக் குறையாது, தொட்டி ரொம்பியே நிற்கும்.

இது எனக்கு உடனே தோன்றிவிடவில்லை. முதலில் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கெமிஸ்ட்ரி லேபுக்குத்தான் போனேன். முதல் வருஷம் மனப்பாடமாகச் செய்த அதே ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன், சிவப்பு நீலமாக மாறுமே, அது. போர் தண்ணீர் லிட்டருக்கு 680 மில்லிகிராம். சாஃப்ட்னரைத் தாண்டி வந்தது 660. (குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்வது 200, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை.) அதாவது சாஃப்ட்னர் சும்மா நின்றுகொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை நிறுத்திவிட்டு நானும் அப்பாவும் வால்வைக் கழற்றினோம். இன்ஜெக்டர் துளையில் செம்மண்ணும் மணலும் கல்லாக இறுகியிருந்தது. ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி இழுவை போய்விடும் என்று பயந்து, வினிகரில் ஊறப் போட்டு, ஈர்க்குச்சியால் சுத்தம் செய்தோம். மாட்டித் திருப்பினால், தொட்டியில் உப்புத் தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது. "இழுக்குது அம்மிணி!" என்று அப்பா கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். இரண்டு தடவை கழுவிய பிறகு மறுபடி சோதித்தேன், 40!

அப்படியானால் ரெசின் புதுசு போலவே இருக்கிறதா? இல்லை. உள்ளே இருப்பது 25 லிட்டர் ரெசின். லிட்டருக்குச் சுமார் 50 கிராம் பிடிக்கும் என்று வைத்தால், ஒரு தடவை கழுவினால் 1,800 லிட்டர் வரை நல்ல தண்ணீர் தர வேண்டும். 1,300 லிட்டரிலேயே சோப்பு நுரை குறைய ஆரம்பித்துவிட்டது. வயசு ஏறத்தான் செய்திருக்கிறது. இன்னும் குறைந்தால் ரெசினை மட்டும் கொட்டிப் புதுசு நிரப்பலாம். அதற்காக நல்ல தொட்டியையும் நல்ல வால்வையும் காயலான் கடைக்கு அனுப்புவானேன்? புதுசே வாங்கக் கூடாது என்று நான் வாதாடவில்லை. பெரிய தொட்டி வெடித்துவிட்டது, வால்வு உள்ளே தேய்ந்து உப்புத் தண்ணீர் குறுக்கே கலக்கிறது, ஸ்பேரும் கிடைக்கவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றிப் பார்க்காமல், ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதிக்காமல், வருஷத்தை மட்டும் எண்ணிச் சொல்வது வியாபாரம். அதை எஞ்சினீயரிங் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கு நம்மில் பலரும் சர்வீஸ் பையைத் தூக்கிக்கொண்டு இப்படி வீடு வீடாகப் போகப் போகிறவர்கள்தானே! நாம் திறக்காமல் விடும் மூடிக்கு யாரோ ஒரு வாட்ச்மேன் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரர் என்னிடம், "பரவால்லியே பாப்பா, நல்லா படி" என்றார். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது மாசம் ஒரு மூட்டை உப்பு சரியாகத் தீர்கிறது. நோட்டு மட்டும் அப்படியே இருக்கிறது, அப்பா கையெழுத்தும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொரு வேலை பாக்கி. கழுவின உப்புத் தண்ணீர் முழுக்க ஒரு தென்னை மரத்தடியில் போய் விழுகிறது. சோடியம் சேர்ந்தால் மண் இறுகிப் போகும், மரத்துக்கும் ஆகாது. பதினைந்து அடி பைப் போட்டால் சாக்கடைக்குத் திருப்பிவிடலாம். சொல்லியிருக்கிறேன், "பாக்கலாம்" என்றிருக்கிறார்.