முகக்கண்ணாடி யாருடையது?

பிரப்பன்வலசைக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் ஒரு காலைப் பொழுதைக் குப்புற மிதந்தே கழித்தோம். முகத்தில் கண்ணாடி, வாயில் மூச்சுக்குழல், மார்பில் மிதவை அங்கி. எங்களுள் நீச்சல் அறிந்தவர் இருவரே. ஆயினும் வழிகாட்டி இளைஞர் கைபிடித்து அழைத்துச் சென்றதால், மூளை மடிப்பை ஒத்த பவளத் திரள்களையும், அவற்றைக் கொறித்துத் திரியும் கிளிமீன்களையும், மணலில் சோம்பிக் கிடந்த கடல் அட்டைகளையும் எல்லோரும் கண்டோம். அந்த இன்பத்தை நாங்கள் மறைக்கப் போவதில்லை. அரை மணி நேரம் எவரும் பேசாதிருந்தது எங்கள் கூட்டத்தில் அதுவே முதல்முறை!

பிற்பகலில் பாம்பனைக் கடந்து குந்துகால் துறைக்கு வந்து, சீட்டுப் பெற்று, சிறு படகில் குருசடைத் தீவுக்குப் புறப்பட்டோம். குந்துகாலுக்கு அண்மையில் இருப்பது சின்னப்பாலம். பாசி எடுக்கும் பெண்கள் வாழும் ஊர் அது. அப்பெண்களும் எங்களைப் போலவே முகக்கண்ணாடி அணிபவர்கள். மூச்சுக்குழல் மட்டும் அவர்களிடம் இல்லை. மூச்சை அடக்கி மூழ்கி, விரல்களில் துணி சுற்றி, பாறையில் படர்ந்த மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் இட்டு மேலே வருவார்கள். அகர் எனும் கூழ்ப்பொருள் அதிலிருந்து பிறக்கிறது. ஆய்வுக்கூடத்திலும் இனிப்புப் பண்டத்திலும் அதைக் காணும் நமக்கு, அதன் பின்னாலுள்ள மூச்சுத் திணறல் தெரிவதில்லை.

தலைமுறைகளாக அவர்கள் வத்தையேறிச் சென்று பறித்துவந்த தீவுகளுக்குத்தான் இன்று நாம் சீட்டு வாங்கிச் செல்கிறோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அன்றுமுதல் அப்பெண்கள் சட்டத்தின் கண்ணில் அத்துமீறுவோர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், உள்ளே நுழைய அனுமதி தரத்தக்க காரணங்களுள் ஆராய்ச்சி உண்டு, ஒளிப்படம் எடுத்தல் உண்டு, சுற்றுலாவும் உண்டு. வயிற்றுப்பாட்டுக்குப் பாசி பறித்தல் அந்தப் பட்டியலில் இல்லை. வேடிக்கை பார்க்க வருபவனுக்கு வாயில் திறக்கும், பிழைக்க வருபவளுக்கு மூடும் என்றால், இந்தப் பூங்கா யாரிடமிருந்து யாருக்காகக் காக்கப்படுகிறது?

பவளம் அழிந்தால் அப்பெண்களுக்கே பிழைப்பில்லையே, தடை அவர்கள் நன்மைக்குத்தானே என்று அன்பர்கள் சிலர் நம்மிடம் வாதிடுவர். பவளம் அழிந்தது உண்மை. ஆனால் அழித்தவர் யார்? சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்குமாகப் பல்லாண்டுகள் பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் அமிழ்ந்தே போயின. 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறி, பவளத்தினுள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசி வெளியேறியதால் பவளங்கள் வெளுத்துப் போயின. அச்சூட்டை மூட்டியது சின்னப்பாலத்து அடுப்பன்று. குருசடையிலோ, வணிக வளர்ப்புக்கென நம் கடலில் இறக்கப்பட்ட அயல்நாட்டுக் கடற்பாசியொன்று உயிருள்ள பவளத்தின்மேல் போர்வையாய்ப் படர்வதை 2008இல் ஆய்வாளர் பதிவு செய்தனர். அதையும் கொண்டுவந்தவர்கள் படித்தவர்களே.

எதையும் பறிக்கலாம், எப்போதும் பறிக்கலாம் என்று நாம் கூறவில்லை. அப்பெண்களும் கூறவில்லை. மாதத்தில் சில நாட்களே கடலுக்குச் செல்வது, பாசி வளரும் காலத்தில் ஒதுங்கியிருப்பது, இரும்புக் கருவியால் பாறையைச் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்குத் தீவுச் சூழல் காப்போருக்கான சீக்காலஜி என்னும் உலகப் பரிசு 2015இல் வழங்கப்பட்டது. உலகம் மாலையிட்ட கையை நாம் அடையாள அட்டை கேட்டு நிறுத்துகிறோம்! 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளின் விளைபொருள்மீதும் மரபுரிமை பேசுகிறது. தேசியப் பூங்காக்களும் அதன் எல்லைக்குள் அடங்கும். அந்தச் சட்டத்தை இக்கரையில் எடுத்துப் படிப்பவர் அரிது.

எங்கள் வருகையால் தீங்கே இல்லையோ? அன்று காலை எங்களுள் ஒருவர் களைப்பில் பவளத்தின்மேல் இரு கால்களையும் ஊன்றி நின்றார். வழிகாட்டி பதறி ஓடிவந்து அவரைத் தூக்கினார். உடைந்த கொம்பு மீண்டும் வளரப் பல்லாண்டு ஆகும். அதற்காக எங்களை எவரும் கடலிலிருந்து விரட்டவில்லை, பெயரைக் குறித்துக்கொள்ளவுமில்லை. அவரோ மாலைவரை தம் பாதத்துக் கீறலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

சுற்றுலாவை நிறுத்துங்கள் என்பதன்று நம் வழக்கு. தீவுக்கு அனுமதி வழங்கும் அதே மேசையில் அப்பெண்களின் பெயரும், அவர்கள் செல்லும் நாட்களும், பறிக்கும் அளவும் எழுதப்படட்டும். எந்தப் பாறையில் எப்போது கை வைக்கலாகாது என்று முடிவுசெய்யும் கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி இருக்கட்டும். பவளத்தை எங்களைப் போன்றோர்க்குக் காட்டும் வழிகாட்டியாகவும் அவர்களையே அமர்த்தலாமே! அந்நீரின் அடியை அவர்களைவிட அறிந்தவர் யார்?

நாங்கள் கரையேறியபோது பொழுது சாய்ந்திருந்தது. மிதவை அங்கிகளை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். துறையிலிருந்து வெளியேறும் பாதையோரம் பாசி காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்தி அதை ஒதுக்கி, மெல்லக் கடந்தது.