பாதி இருந்தும் மங்கிய அடுப்பு



இப்பகுதிக்கு வந்து சேர்ந்த கடிதங்களைச் சென்ற வாரம் ஓர் இரவு விரித்து வைத்துப் படித்தபோது, அவற்றுள் மிகப் பல அடுப்பங்கரையிலிருந்து எழுதப்பட்டவை என்பதைக் கண்டேன். பிரஷர் குக்கர், சலவைச் சோப்பு, உப்பு நீர், சமையல் வாயு என அன்றாடம் கையாளும் பொருள்களைப் பற்றிய ஐயங்கள். பி.ஏ. வரலாறு படித்துவிட்டு மதரஸாவில் அரபு இலக்கணம் கற்பித்து வரும் எனக்கும் வேதியியலுக்கும் என்ன உறவு என நீங்கள் கேட்கக்கூடும். நேரடி உறவு ஏதுமில்லை. என் தமக்கையின் மகன் வேதிப் பொறியியல் படித்து, ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பணிபுரிகிறான். விடுமுறையில் அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் உங்கள் கடிதங்களை அவன் முன் வைத்துவிடுவேன். எனக்குப் புரியும்வரை கேட்பேன். அவனும் சலிக்காமல் சொல்லுவான். இம்மாதம் சமையல் வாயுவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை காத்திருக்கலாம், இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

சகோதரி ஒருவர் எழுதுகிறார்: "எங்கள் வீட்டு வலீமா விருந்துக்குப் பெரிய அடுப்பு வைத்துச் சமைத்தோம். ஒரு மணி நேரத்திற்குள் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து வடிந்தது. பிறகு வெண்பனி படிந்தது. அடுப்பின் தீ மங்கிவிட்டது. தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் கனக்கிறது. சிலிண்டரில் தண்ணீரைக் கலந்து ஏமாற்றிவிட்டார்களா?"

இல்லை சகோதரி. உங்களை எவரும் ஏமாற்றவில்லை. இதே காட்சியை நானும் கண்டிருக்கிறேன். அன்று நான் செய்யவிருந்த தவற்றை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

எங்கள் உறவினர் வீட்டுத் திருமணம். 2 தேக்சா பிரியாணி அடுப்பில் இருந்தது. தம் போடும் நேரத்தில் தீ குறைந்தது. பண்டாரி என்னை நோக்கி, "ஹஜ்ரத், சிலிண்டருக்குக் குளிர் பிடித்துவிட்டது; அடியில் கொஞ்சம் நெருப்புத் துண்டு போட்டால் சரியாகிவிடும்" என்றார். முப்பது ஆண்டு அனுபவம் உடையவர் சொல்வது சரியாகத்தான் இருக்குமென்று எண்ணி, தாளிச்சா வெந்துகொண்டிருந்த விறகடுப்பிலிருந்து நானே ஒரு சட்டியில் தணலை அள்ளிக்கொண்டு வந்தேன். பந்தலில் நின்றிருந்த என் மருமகன் ஓடி வந்து, "மாமா, சட்டியைக் கீழே வையுங்கள், வேண்டாம், கீழே வைக்காதீர்கள், வெளியே கொண்டு போங்கள்!" என்று கத்தினான். பெரியவர்கள் முன்னிலையில் குரலை உயர்த்தாத பிள்ளை அவன். அன்று பிரியாணி அரை மணி நேரம் தாமதமாயிற்று. அல்லாஹ் காப்பாற்றினான்.

இனி, நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம்.

சிலிண்டருக்குள் இருப்பதில் பெரும்பகுதி வாயுவன்று, திரவம். புரொப்பேன், பியூட்டேன் என்னும் இருவகைப் பொருள்களை அழுத்தத்தில் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகையிலேயே கொதித்துவிடும். புரொப்பேனோ 0-க்கும் கீழே 42 பாகையில் கொதிக்கும். ஆதலால் நம் வீட்டு வெப்பத்தில் அந்தத் திரவம் ஆவியாக எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. மேலே சேரும் ஆவியின் அழுத்தமே அதை அடக்கி வைக்கிறது. நாம் அடுப்பைத் திறந்ததும் ஆவி வெளியேறுகிறது. அதை ஈடுகட்டத் திரவம் மேலும் ஆவியாகிறது.

ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். ஒளுச் செய்த முகத்தில் காற்றுப் படும்போது குளிர்வதும், மண்பானை நீர் சில்லென்றிருப்பதும் இதனாலேதான்; ஆவியாகும் நீர், தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் இருப்பதிடமிருந்து பறித்துக்கொள்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் திரவமும் அவ்வாறே தன்னிடமிருந்தும் இரும்புச் சுவரிடமிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. சுவர் வெளிக்காற்றிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. வீட்டு அடுப்புக்குத் தேவையான வாயு சிறிது. அதற்கான வெப்பத்தைக் காற்று ஈடுகொடுத்துவிடும். விருந்து அடுப்போ பன்மடங்கு வாயுவை இழுக்கிறது. காற்று தரும் வெப்பம் போதாமற்போய்த் திரவம் குளிர்கிறது. குளிர்ந்தால் ஆவியின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தீ மங்கும். வெளியே வடிந்தது காற்றிலிருந்த ஈரம். குளிர்ந்த பாத்திரத்தின் மேல் நீர்த்துளி படிவது போலப் படிந்தது, பின் உறைந்து பனியாயிற்று. அந்த வியர்வை எந்த உயரம்வரை நிற்கிறதோ, பெரும்பாலும் அதுவே உள்ளே இருக்கும் திரவத்தின் மட்டம்.

தண்ணீர் கலந்திருக்குமோ என்ற உங்கள் சந்தேகத்திற்கு இதுவே விடை. எடையில் ஐயமிருந்தால் அதற்கு வேறு வழி உண்டு. வெறும் சிலிண்டரின் எடை அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதோடு வீட்டுச் சிலிண்டராயின் 14.2 கிலோவும், வணிகச் சிலிண்டராயின் 19 கிலோவும் சேர்த்து நிறுத்துப் பார்த்து வாங்குங்கள்.

தணல் வைத்தால் என்ன ஆகும்? இணைப்பில் ஊசிமுனையளவு கசிவு இருந்தாலும் அது முதலில் சந்திப்பது அந்தத் தணலைத்தான். கசிவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பை அந்தத் திரவம் ஓரளவு குளிர்வித்துக் காக்கும். அதற்கு மேலே ஆவி மட்டும் இருக்கும் பகுதியை நெருப்பு எட்டிவிட்டாலோ, காப்பதற்கு ஒன்றுமில்லை. இரும்பு வலுவிழந்து கிழிந்துவிடும். கொதிநீரை ஊற்றுவதும் கூடாது. சிலர் கடைசிச் சொட்டுவரை எரிக்க வேண்டுமென்று சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள், சாய்த்து உருட்டுகிறார்கள். அப்போது ஆவிக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் புகுந்து, அடுப்பில் 250 மடங்காக விரிந்து ஆளுயரத் தீயாக எழும். மிச்சம் பிடிக்க நினைப்பது 50 ரூபாய்; பணயம் வைப்பது என்ன என்று எண்ணிப் பாருங்கள். பெரிய சமையலுக்குச் செய்ய வேண்டியது இதுதான்: இரண்டு அல்லது மூன்று வணிகச் சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைத்துத் தரும்படி முகவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுமை பங்கிடப்படும்போது எந்தச் சிலிண்டரும் உறையாது.

அடுத்த கேள்வி நாற்றத்தைப் பற்றியது. "சமையல் வாயு ஏன் இப்படி அழுகிய வாடை அடிக்கிறது? சுத்தம் செய்து விற்கக் கூடாதா?" என ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

அம்மா, சுத்தம் செய்த வாயுவுக்கு வாடையே கிடையாது. அந்த நாற்றம் வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. எத்தில் மெர்காப்டான் என்னும் பொருளை மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். இந்தப் பழக்கம் பெரிய அளவில் வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில், 1937 மார்ச் 18 அன்று, குழாயிலிருந்து கசிந்த இயற்கை எரிவாயு கட்டடத்தின் அடியில் தேங்கிக் கிடந்தது. வாடை இல்லாததால் எவருக்கும் தெரியவில்லை. பட்டறை வகுப்பில் ஒரு மின்கருவியை இயக்கியபோது எழுந்த பொறியில் கட்டடமே மேலே எழும்பி விழுந்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன்பின்னரே எரிவாயுவில் வாடை சேர்க்க வேண்டுமென்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. மற்ற இடங்களிலும் அவ்வழக்கம் பரவிற்று. உங்கள் அடுப்பங்கரையில் மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த வாடையை நான் இப்போதெல்லாம் மரியாதையுடன்தான் நினைக்கிறேன்.

காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவில் இவ்வாயு கலந்தாலே பொறி பட்டால் தீப்பிடிக்கும். அந்த எல்லையில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும்போதே மூக்கு உணர்ந்துவிடும்படி வாடையைச் சேர்க்கிறார்கள். ஆயினும் மூக்கை முற்றிலும் நம்பிவிடாதீர்கள். உள்ளேயே இருப்பவருக்கு வாடை பழகிப்போய்த் தெரியாமற்போகும். வெளியிலிருந்து வருபவர் வாசலிலேயே சொல்லிவிடுவார். அவரைக் கேலி செய்யாமல் செவிசாயுங்கள். முதியவர்களுக்கும் சளி பிடித்தவர்களுக்கும் மோப்ப உணர்வு குறையும். 2020-க்குப் பிறகு கொரோனா கண்டு மோப்பத்தை இழந்தவர்களுள் சிலருக்கு அது இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. அத்தகையவர் தனியே சமைக்கும் வீடானால், ஒவ்வொரு நாளும் மற்றொருவர் அடுப்பங்கரைக்குள் ஒருமுறை சென்று பார்த்து வருவது நல்லது.

சிலிண்டர் தீரும் தறுவாயில் வாடை கூடுவதாகப் பலர் எழுதியுள்ளீர்கள். அது உண்மையே. மெர்காப்டான் 35 பாகையில்தான் கொதிக்கும். அதனால் புரொப்பேனும் பியூட்டேனும் முந்திக்கொண்டு ஆவியாக, அது பின்தங்கி அடியில் செறிந்துவிடுகிறது. ஆனால் "தீரப்போகிறது, அதனால்தான் வாடை" என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாமல், சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி என்ன சொல்ல!

கசிவு என்று தெரிந்தால்? சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தண்ணீர் போலப் பரவி, கதவிடுக்கின் வழியே அடுத்த அறைக்கும் சாக்கடைக்கும் இறங்கும். உயரத்திலிருக்கும் சன்னலை மட்டும் திறந்தால் போதாது; வாசற்கதவுகளைத் திறக்க வேண்டும். மின்விசிறியைப் போடாதீர்கள். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தவும் செய்யாதீர்கள். சுவிட்சைத் தட்டும்போதும் பொறி எழும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரின் மூடியை மாட்டிவிட்டு, பிள்ளைகளோடு வெளியேறுங்கள். வெளியே வந்த பின் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். சில நகரங்களில் இப்போது குழாய் வழியே வரும் வாயு வேறு வகை. அது மீத்தேன், காற்றைவிட இலேசானது, கூரையை நோக்கிப் போகும். வாடகை வீடு மாறும்போது எது வருகிறதென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிலிண்டரின் தலைப்பகுதியில் நிற்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். மறு சோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு அது. கெடு தாண்டியதைக் கொண்டுவந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். அது உங்கள் உரிமை.

இறுதியாக, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருவர், "வேதியியலுக்கும் வேதிப் பொறியியலுக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டுள்ளார். இதே கேள்வியை நான் மருமகனிடம் போட்டபோது அவன் கேட்ட எதிர்க்கேள்வி: "அரைக் கிலோ பிரியாணிக்கு உம்மா போடும் கணக்கை 50 மடங்காக்கினால் தேக்சாவுக்குச் சரிவருமா, மாமா?"

வராது. தண்ணீரை அப்படியே 50 மடங்கு ஊற்றினால் சோறு குழைந்துவிடும். பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்கானால் கொள்ளளவு 8 மடங்காகும்; மேற்பரப்போ 4 மடங்குதான் ஆகும். ஆவி வெளியேறுவதும் வெப்பம் நுழைவதும் பரப்பின் வழியே. எனவே பெரிய பாத்திரத்தில் நீர் அந்த அளவுக்கு வற்றாது. அடி தீயும், நடு வேகாது. குடுவையில் ஒரு கரண்டி செய்து காட்டுவது வேதியியலாரின் பணி. அதையே நாள்தோறும் டன் கணக்கில், அடி தீயாமல், வெடிக்காமல், கட்டுப்படியாகும் விலையில் செய்யும் வழி காண்பது வேதிப் பொறியாளரின் பணி. நம் சிலிண்டர் உறைந்ததும் இதே தொல்லைதான்: வீட்டுக்குப் போதுமான பரப்பு விருந்துக்குப் போதவில்லை.

இது தனிக் கல்வியாக உருவாகி 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகவில்லை. 1887-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜார்ஜ் டேவிஸ் என்பவர் சொற்பொழிவுகளாகத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நான்காண்டுப் படிப்பாயிற்று. சென்னையில் 1944-இல் தொடங்கப்பெற்ற அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி இத்துறையில் பழைய பெயர் பெற்றது. கச்சா எண்ணெயை ஏறத்தாழ 350 பாகை வரை சூடாக்கி, உயர்ந்த கோபுரத்துக்குள் செலுத்தி, கொதிநிலைப்படி பிரிக்கும்போது உச்சியில் வந்து சேர்பவற்றில் ஒன்றுதான் நம் சமையல் வாயு. வாலை வடித்தல் என்று நம் மக்கள் சொல்லும் தொழிலின் பெரிய வடிவம். ஐரோப்பியர் வாலைக் கலத்துக்கு வழங்கும் ‘அலெம்பிக்’ என்ற பெயர், கிரேக்கத்திலிருந்து அரபுக்கு வந்து ‘அல் அன்பீக்’ ஆகி, ‘அல்’லையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு மேற்கே போனது. அரபு ஆசிரியன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மாணவியின் தாயார் அக்கடிதத்தின் ஓரத்தில், "பெண் பிள்ளைக்கு இது ஏற்றதா?" என்று தம் கையால் எழுதியிருக்கிறார். ஆலைகளில் மட்டுமன்று, வடிவமைப்பு அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் மருந்து, உணவு, குடிநீர்த் தொழில்களிலும் இப்படிப்புக்கு வேலை உண்டு. மருமகனின் ஆலையில் அழுத்தக் கலங்களின் பாதுகாப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் ஒரு பெண். அவர் ஒப்பமின்றி ஒரு வால்வையும் திறக்க முடியாதாம். தயங்காதீர்கள், அம்மா. மகள் வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்குவதாக எழுதியுள்ளீர்கள். இப்படிப்பில் அதைவிட மிகுதியாகக் கணிதமும் இயற்பியலும் கேட்பார்கள். கணிதத்தில் அவள் எப்படி என்று அவள் ஆசிரியரிடம் கேட்டு எழுதுங்கள்.

குக்கர் பற்றிய கடிதங்களை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.